டேட்டாபேஸ் கிளஸ்டருக்கு லோக்கல் டிஸ்க்கா, நெட்வொர்க் டிஸ்க்கா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடியில் காலை ரயில் ஏறி பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சத்துவாச்சாரியில் சனி, ஞாயிறுகளில் டேட்டாபேஸ் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற நாட்களில் அதே வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வேலையில் சேர்ந்த இரண்டு மூன்று மாதத்தில் அவர்களிடமிருந்து ஒரு ஃபோன் வரும். “அக்கா, புது கிளஸ்டர் போடச் சொல்லிட்டாங்க. லோக்கல் எஸ்எஸ்டியா, நெட்வொர்க் ஸ்டோரேஜான்னு ஸ்கிரீன்ல கேக்குது. எது அக்கா ஃபாஸ்ட்?”

(கிளஸ்டர் என்றால் ஒரே டேட்டாபேஸைச் சேர்ந்து ஓட்டும் சில மெஷின்கள்; ஒவ்வொன்றும் ஒரு நோடு.) லோக்கல்தான் ஃபாஸ்ட். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு பதிலை மட்டும் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். அதனால் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: அந்த மெஷின் இன்றைக்கு ராத்திரி செத்துப்போனால் உன் டேட்டா வேறு எங்கே இருக்கும்? மறுபடி பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகும்? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் டிஸ்க் அநேகமாகத் தானாகவே முடிவாகிவிடும். அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், இரண்டும் என்ன?

லோக்கல் டிஸ்க் என்பது உங்கள் மெஷின் ஓடும் அதே சர்வர் பெட்டிக்குள் செருகியிருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி. நெட்வொர்க் டிஸ்க் அதே டேட்டா சென்டரில் வேறு பெட்டிகளில் இருக்கிறது. நெட்வொர்க் வழியாக உங்கள் மெஷினுக்கு வந்து ஒரு சாதாரண டிஸ்க் போலத் தெரிகிறது. அமேசானின் இபிஎஸ், கூகுளின் பெர்சிஸ்டன்ட் டிஸ்க், அஷ்யூரின் மேனேஜ்டு டிஸ்க் எல்லாம் இந்த இரண்டாவது வகை. ‘நெட்வொர்க்’ என்றதும் வேலூருக்கும் மும்பைக்கும் நடுவில் இருக்கும் தூரம் சிலருக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தத் தூரம் உங்கள் பயனருக்கும் சர்வருக்கும் இடையே உள்ளது. டிஸ்க்கும் மெஷினும் ஒரே ஜோனுக்குள், அதாவது கிளவுட்காரரின் ஒரே டேட்டா சென்டர் பகுதிக்குள், பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன.

வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உதாரணம் வாடகை வீட்டுக் கிணறு. வாளியை இறக்கினால் உடனே தண்ணீர். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் கிணறு வீட்டோடு சேர்ந்தது. வீட்டைக் காலி செய்தால் கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மேட்டூரிலிருந்து வருகிற காவிரி கூட்டுக் குடிநீர் வேறு மாதிரி. அடுத்த தெருவுக்குக் குடிபோனாலும் அங்கேயும் அதே தண்ணீர் வரும். ஆனால் குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் கிடைக்கும்.

இதை டிஸ்க்குக்குப் பொருத்திப் பாருங்கள். மெஷின் செத்தால் நெட்வொர்க் டிஸ்க்கை அதே ஜோனில் உள்ள இன்னொரு மெஷினில் மாட்டி டேட்டாபேஸை எழுப்பிவிடலாம். லோக்கல் டிஸ்க் அந்தப் பெட்டியோடு போயிற்று. அமேசானில் லோக்கல் டிஸ்க்கின் பெயர் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர்; ரீபூட் செய்தால் டேட்டா இருக்கும், ஸ்டாப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் இருக்காது. ரீபூட், ஸ்டாப் என்ற இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வேகம் எவ்வளவு வித்தியாசம்? நல்ல என்விஎம்இ டிஸ்க்கில் ஒரு சின்ன ரீடுக்குச் சுமார் 0.1 மில்லிசெகண்ட் ஆகும். பொதுவாக எல்லோரும் எடுக்கும் நெட்வொர்க் டிஸ்க்கில் அது ஒன்று முதல் சில மில்லிசெகண்ட் வரை போகும். விலை கூடிய வகைகளில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வரும். ஆகப் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். சின்ன வித்தியாசம் இல்லைதான். உங்கள் வேலைக்கு அது தேவையா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: பிரதிகளை எண்ணுங்கள்

நெட்வொர்க் டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு பிளாக்கையும் கிளவுட்காரர்களே பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறார்கள். லோக்கல் டிஸ்க்கில் அந்தப் பொறுப்பு டேட்டாபேஸ் தலையில் விழுகிறது. எழுதுவதை வாங்கும் பிரைமரி ஒன்று, அதன் பிரதியான ரெப்ளிகா இரண்டு என்று மூன்று நோடு இல்லாமல் லோக்கல் டிஸ்க் பக்கமே போகாதீர்கள். இரண்டு நோடு வைத்தால், ஒன்று செத்ததும் மற்றது ஒற்றையாக நிற்கும். புது ரெப்ளிகா கட்டி முடிக்கும் வரை உங்கள் மொத்த டேட்டாவும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும்.

கமிட் ஆன (நிரந்தரமாகச் சேமித்த) டேட்டா குறைந்தது ஒரு ரெப்ளிகாவுக்காவது போய்ச் சேர்ந்த பிறகே பயனருக்கு ‘சரி’ என்று சொல்ல வேண்டும். போஸ்ட்கிரஸில் இதற்கு சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன், மைஎஸ்க்யூஎல்லில் செமி-சிங்க், மோங்கோவில் மெஜாரிட்டி ரைட். இது இல்லாமல் லோக்கல் டிஸ்க்கில் பிரைமரி செத்தால், கடைசிச் சில கமிட்டுகள் எங்கேயும் இருக்காது. நெட்வொர்க் டிஸ்க்கில் அவை அந்த டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். புதிதாக வருபவர்கள் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

அப்புறம், மூன்று பிரதி இருந்தால் மட்டும் போதாது. மூன்றும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் சாகக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை. ஒவ்வொரு லாட்டும் எந்த டிரம்மில் ஏறியது, எத்தனை சதுர அடி வந்தது, எந்த கிரேடு என்று எல்லாம் எங்கள் டேட்டாபேஸில் ஏறும். பல மெஷின்களில் புரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கும் கூபர்னெட்டிஸ் மேல், டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் என்ற புரோகிராமை வைத்து, மூன்று நோடு, மூன்றும் லோக்கல் எஸ்எஸ்டி, சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் என்று எல்லாம் முறையாகச் செய்திருந்தோம். செலவைக் குறைக்க, ராத்திரி பத்து மணிக்கு டெஸ்ட் மெஷின்களை நிறுத்தும் ஒரு ஸ்கிரிப்ட்டும் வைத்திருந்தோம். புது நோடுகளைப் போடும்போது பழைய டெம்பிளேட்டை நான் அப்படியே காப்பி செய்ததில் ‘டெஸ்ட்’ என்ற டேக் மூன்றின் மேலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பத்து மணிக்கு மூன்றும் ஒன்றாக நின்றன. காலையில் ஸ்டார்ட் ஆனபோது மூன்று டிஸ்க்கும் வெறுமையாக இருந்தன.

காலை ஏழரைக்கு அங்கே என்ட்ரி போடும் அண்ணனிடமிருந்து ஃபோன். “ஏம்மா, நேத்து போட்டது ஒண்ணுமே காணோமே. லாட் எல்லாம் எங்கே போச்சு?” முந்தைய நாள் அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த பேக்கப் இருந்தது. அதற்குப் பிறகு ஏறிய முழு நாள் வேலையும் இல்லை. நல்லவேளை, தொழிற்சாலையில் லாட் கார்டு காகிதத்தில் இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்து இரண்டு நாள் திரும்ப அடித்தார்கள். நெட்வொர்க் டிஸ்க்காக இருந்திருந்தால், காலையில் மெஷின்கள் எழுந்ததும் டேட்டா அங்கேயே இருந்திருக்கும். ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் கெட்டிருக்கும்.

அதனால் லோக்கல் எடுப்பவர்கள் மூன்று நோடையும் மூன்று ஜோனில் பிரித்து வையுங்கள். மெஷினை நிறுத்தும் உரிமை யாருக்கெல்லாம், எந்த ஸ்கிரிப்டுக்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். மேனேஜ்டு சேவை (டேட்டாபேஸைக் கிளவுட்காரரே ஓட்டித் தருவது) என்றால் ‘கிளஸ்டரைத் தற்காலிகமாக நிறுத்தினால் (பாஸ்) டேட்டா என்ன ஆகும்?’ என்று சப்போர்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேக்கப்பை நாளுக்கு ஒரு தடவை எடுத்துவிட்டுப் போகாமல் டிரான்ஸாக்‌ஷன் லாகையும் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறிக்கும் பதிவு) தொடர்ந்து ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (ஃபைல்களைத் தனியாகச் சேமிக்கும் கிளவுட் இடம்) அனுப்புங்கள். அது எங்களிடம் இருந்திருந்தால் ஒரு நாள் இழப்பு சில நிமிடமாகச் சுருங்கியிருக்கும். நெட்வொர்க் டிஸ்க்கில் நினைத்த நேரத்தில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் முழு நகல்) எடுக்கலாம். லோக்கலில் பொதுவாக அந்த வசதி கிடையாது. எனவே லாக் அனுப்புவது அங்கே உயிர்நாடி.

நெட்வொர்க் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இபிஎஸ் டிஸ்க் ஒரு ஜோனுக்குள் கட்டுப்பட்டது. அந்த ஜோனே விழுந்தால் உங்கள் டிஸ்க்கும் அதோடு எட்டாமல் போகும். ஆகவே வேறு ஜோனில் ஒரு ரெப்ளிகா உங்களுக்கும் வேண்டும்.

படி 2: மறுபடி கட்ட எத்தனை நிமிடம்?

இது வெறும் வகுத்தல் கணக்கு. லோக்கல் நோடு ஒன்று செத்தால், புது நோடு முழு டேட்டாவையும் இன்னொரு நோடிலிருந்து நெட்வொர்க் வழியாக இழுக்க வேண்டும். வினாடிக்கு 200 எம்பி வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ஜிபி டேட்டாவுக்கு 1,000 வினாடி, அதாவது 17 நிமிடம். 2 டிபி என்றால் 10,000 வினாடி; மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த நேரம் முழுவதும் கிளஸ்டர் ஒரு பிரதி குறைவாக ஓடும். டேட்டாவைக் கொடுக்கும் நோடு பயனர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, இழுப்புக்கும் ஈடுகொடுக்க வேண்டும். நெட்வொர்க் டிஸ்க்கில் இதே வேலை டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதோடு முடிகிறது; டேட்டா எத்தனை டிபி என்பது அங்கே கணக்கிலேயே வராது.

நான் வைத்திருக்கும் எல்லை இது: மறுபடி கட்ட ஒரு மணி நேரத்துக்குள் முடியும் என்றால் லோக்கலைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு மேல் போகிறதென்றால் டேட்டாவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஷார்டு செய்யுங்கள், இல்லையென்றால் நெட்வொர்க்கிலேயே இருங்கள். வேறு அனுபவம் உள்ளவர்கள் வேறு எல்லை சொல்லலாம். ஏதோ ஓர் எல்லை இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

போஸ்ட்கிரஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ரெப்ளிகா செத்துக் கிடக்கும்போது, ரெப்ளிகேஷன் ஸ்லாட் வைத்திருந்தால் பிரைமரி பழைய லாக் ஃபைல்களை அழிக்காமல் அதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். நெட்வொர்க் டிஸ்க் நிரம்பினால் அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம். லோக்கல் டிஸ்க்கின் அளவு மெஷினோடு வந்தது, கூட்ட முடியாது. டிஸ்க் நிரம்பினால் பிரைமரியும் நின்றுவிடும். ஒரு நோடு செத்ததில் ஆரம்பித்தது முழுக் கிளஸ்டரில் போய் முடியும். போஸ்ட்கிரஸ் 13-லிருந்து ஸ்லாட் எவ்வளவு லாக் வரை பிடித்து வைக்கலாம் என்று வரம்பு போடும் அமைப்பு இருக்கிறது. லோக்கல் எடுத்தால் அதை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

படி 3: உங்கள் டேட்டாபேஸ் எதற்காகக் காத்திருக்கிறது?

இப்போதுதான் வேகத்துக்கு வருகிறோம். ‘ஸ்லோவா இருக்கு’ என்று யாராவது சொன்னதும் டிஸ்க்கை மாற்ற ஓடாதீர்கள். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது, ரீடு. அடிக்கடி தொடும் டேட்டா முழுவதும் மெமரியில் அடங்கிவிட்டால் டிஸ்க்குக்கு வேலையே இல்லை. உங்கள் சூடான டேட்டா 20 ஜிபி, மெஷினின் மெமரி 64 ஜிபி என்றால் ரீடுக்காக லோக்கல் டிஸ்க் வாங்குவது வீண் செலவு. போஸ்ட்கிரஸில் ஓடும் குவெரிகள் எதற்காக நிற்கின்றன என்று வெயிட் ஈவென்டைப் பாருங்கள். ‘டேட்டாஃபைல்ரீட்’ என்று நிறைய வந்தால் டிஸ்க்கிலிருந்து படிக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் முதலில் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) சரியா என்று பாருங்கள். ஒரு நல்ல இன்டெக்ஸ் கொடுக்கும் வேகத்தை எந்த டிஸ்க்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, கமிட். ஒவ்வொரு கமிட்டின்போதும் டேட்டாபேஸ் லாகை டிஸ்க்கில் எழுதி, ‘நிஜமாகவே எழுதியாகிவிட்டதா?’ என்று எஃப்சிங்க் மூலம் உறுதி செய்துகொள்கிறது. அந்த உறுதி வரும் வரை கமிட் நிற்கும். ஒரு எஃப்சிங்குக்கு 2 மில்லிசெகண்ட் என்றால், ஒரே கனெக்‌ஷனில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் கமிட்டுகள் வினாடிக்கு 500-ஐத் தாண்டாது. 0.1 மில்லிசெகண்ட் என்றால் கணக்குப்படி 10,000. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் 40,000 வரி சம்பளக் கணக்கை ஒவ்வொரு வரியாகக் கமிட் செய்யும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் டிஸ்க்கில் எஃப்சிங்குக்கு மட்டும் 80 வினாடி போகும், லோக்கலில் 4 வினாடி. அதே புரோகிராமை ஆயிரம் வரிக்கு ஒரு கமிட் என்று மாற்றினால் 40 கமிட்தான். எந்த டிஸ்க்கிலும் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது. புரோகிராமைத் திருத்த ஒரு சாயங்காலம் போதும்.

மூன்றாவது, ரெப்ளிகா. படி 1-ல் சொன்ன சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனைப் போட்டதும், ஒவ்வொரு கமிட்டும் இன்னொரு ஜோனுக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்கும் காத்திருக்கும். லோக்கல் டிஸ்க்கில் நீங்கள் மிச்சப்படுத்திய நேரத்தில் நல்ல பங்கை இந்தப் பயணம் தின்றுவிடும். போஸ்ட்கிரஸில் ‘சிங்க்ரெப்’ என்ற வெயிட் அதிகமாகத் தெரிந்தால் உங்கள் கமிட் காத்திருப்பது ரெப்ளிகாவுக்காக. விளம்பரத்தில் பார்த்த வேகம் தன் கிளஸ்டரில் வரவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இங்கேதான் இருக்கும்.

அளக்கும் கருவி எளிது. போஸ்ட்கிரஸோடு சேர்ந்தே வரும் ‘பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்’ ஓட்டினால் அந்த டிஸ்க்கில் ஒரு எஃப்சிங்குக்கு எவ்வளவு நேரம் என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடும். மேனேஜ்டு சேவையில் மெஷினுக்குள் நுழைய முடியாது என்றால் டேஷ்போர்டில் ரைட் லேட்டன்சி, ரீடு லேட்டன்சி, டிஸ்க் கியூ ஆகிய மூன்று கோடுகளைப் பாருங்கள். சராசரியைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். வேலை உச்சத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்தை எடுத்து, அதில் மோசமான நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பயனர் திட்டுவது அந்த ஒரு பங்குக்காக.

நெட்வொர்க் டிஸ்க்கின் குழாய்கள்

நெட்வொர்க் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வந்த பல சிக்கல்கள் உண்மையில் வரம்புச் சிக்கல்கள். வினாடிக்கு எத்தனை ரீடு-ரைட் என்பதை ஐஓபிஎஸ் என்பார்கள். அமேசானின் பழைய டிஸ்க் வகையான ஜிபி2-ல் (gp2) ஒரு ஜிபி (GB) அளவுக்கு 3 ஐஓபிஎஸ். 100 ஜிபி டிஸ்க் எடுத்தால் 300தான். ஆனால் சேமித்து வைத்த கிரெடிட்டைச் செலவழித்து 3,000 வரை அரை மணி நேரம் போல ஓடும். அதனால் டெஸ்ட் செய்யும்போது பறக்கும். திங்கட்கிழமை காலை லைவில் அரை மணி கழித்து 300-க்கு விழும். புதிய ஜிபி3 (gp3) வகையில் அளவு எதுவானாலும் 3,000 ஐஓபிஎஸ் அடிப்படையாகவே கிடைக்கிறது, கிரெடிட் கதையே இல்லை. அமேசானின் மேனேஜ்டு சேவையான ஆர்டிஎஸ்-ல் போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல்லுக்கு ஜிபி3 டிஸ்க் 400 ஜிபியைத் தொட்டால் அடிப்படையே 12,000 ஆகிறது. பழைய கிளஸ்டர் ஏதாவது உங்கள் கைக்கு வந்தால் முதலில் அது ஜிபி2-வா என்று பாருங்கள். வகையை மாற்றினாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது குழாய் மெஷினுடையது. டிஸ்க்கில் 12,000 ஐஓபிஎஸ் வாங்கிவிட்டு, சின்ன மெஷினில் மாட்டினால் அந்த மெஷின் அனுமதிப்பது எவ்வளவோ அதுதான் வரும். மாநகராட்சி எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வீட்டு இணைப்பு அரை இஞ்ச் என்றால் அரை இஞ்ச்தான். அமேசானின் சின்ன மெஷின்களில் இந்த வரம்பிலும் ஒரு பர்ஸ்ட் இருக்கிறது: உச்ச வேகத்தை நாளுக்கு ஒரு முறை குறைந்தது 30 நிமிடம் தாங்கும், பிறகு அடிப்படைக்கு இறங்கிவிடும். டிஸ்க்கின் வரம்பு, மெஷினின் வரம்பு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சின்னது எதுவோ அதுதான் உங்களுக்குக் கிடைப்பது.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இபிஎஸ் டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. ‘இருக்கட்டுமே’ என்று முதல் நாளே 2 டிபி போட்டுவிட்டால் மாதாமாதம் அதற்கான காசு போய்க்கொண்டே இருக்கும்.

மேனேஜ்டு சேவைகள் இதை எப்படி விற்கின்றன

பல இடங்களில் ‘லோக்கல்’, ‘நெட்வொர்க்’ என்ற சொல்லே ஸ்கிரீனில் இருக்காது. பிளான் பெயருக்குள் ஒளிந்திருக்கும். அஷ்யூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் நல்ல உதாரணம். அதில் ஜெனரல் பர்பஸ் பிளான் டேட்டாவை நெட்வொர்க் ஸ்டோரேஜில் வைக்கிறது. பிசினஸ் கிரிட்டிக்கல் பிளான் லோக்கல் எஸ்எஸ்டியில் வைத்து, ஒரு பிரைமரி, மூன்று ரெப்ளிகா என்று நான்கு நோடு ஓட்டுகிறது. விலை ஏன் அவ்வளவு கூடுதல் என்று கேட்பவர்களுக்கு அந்த நான்கு நோடுதான் பதில். லோக்கல் வேகத்தைப் பத்திரமாகக் கொடுக்க அவர்களுக்கே அத்தனை பிரதி தேவைப்படுகிறது என்றால், நாம் ஒற்றை நோடு வைத்து விளையாடக் கூடாது என்பது தெளிவு.

அமேசானின் அரோரா மூன்றாவது வழி. 2014-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே ஸ்டோரேஜே மூன்று ஜோனில் ஆறு பிரதியாகப் பரவிய தனி அடுக்கு. மெஷின் லாகை மட்டும் அதற்கு அனுப்புகிறது. நீங்கள் டிஸ்க் தேர்ந்தெடுக்கும் வேலையே அங்கே இல்லை. பிளானட்ஸ்கேல் என்ற டேட்டாபேஸ் நிறுவனம் 2025-ல் மெட்டல் என்ற பெயரில் லோக்கல் என்விஎம்இ மேல் ஓடும் கிளஸ்டர்களைக் கொண்டுவந்தது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் இன்ஜினியர்கள் 2022-ல் விவரித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: லோக்கல் எஸ்எஸ்டிகளையும் நெட்வொர்க் டிஸ்க்கையும் ரெய்டில் (பல டிஸ்க்கை ஒன்றாக இணைக்கும் முறை) சேர்த்து, ரீடு எல்லாம் லோக்கலில், ரைட் இரண்டிலும் என்று வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்த வீடு அது. ஆனால் அதைப் பராமரிக்க ஒரு குழுவே வேண்டும். முதல் கிளஸ்டருக்கு அதை முயற்சி செய்யாதீர்கள்.

கூபர்னெட்டிஸில் ஓட்டுபவர்களுக்குச் சுருக்கமாக: லோக்கல் பெர்சிஸ்டன்ட் வால்யூம் (நோடின் சொந்த டிஸ்க்கைக் கொடுக்கும் வசதி) 2019-ல் 1.14 பதிப்பில் நிலைபெற்றது. அதை எடுத்தால் பாட் (கூபர்னெட்டிஸ் ஓட்டும் புரோகிராம் அலகு) அந்த நோடோடு கட்டப்பட்டுவிடும். நோடு போனால் பாட் ‘பென்டிங்’ என்று நின்றுகொண்டே இருக்கும், தானாக வேறு இடத்துக்குப் போகாது. பழைய வால்யூம் கிளெய்மை (டிஸ்க் கேட்ட விண்ணப்பம்) அழித்தால்தான் புது இடத்தில் எழும். கிளஸ்டர் அப்கிரேடின்போது நோடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்வார்கள் அல்லவா, அப்போது ஒரு நோடின் ரெப்ளிகா முழுதும் கட்டி முடிந்த பிறகுதான் அடுத்த நோடைத் தொட வேண்டும் என்று ஆபரேட்டரில் சொல்லி வையுங்கள்.

சொந்த இடத்தில் சர்வர் வைத்திருப்பவர்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் இன்னும் பல தொழிற்சாலைகளில் சர்வர் அங்கேயே ஒரு அறையில் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டே விஷயம். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டியை டேட்டாபேஸுக்குப் போடாதீர்கள். மின்சாரம் திடீரென்று போனால் உள்ளே உள்ள கேஷைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் எஸ்எஸ்டி வாங்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? கெப்பாசிட்டர் இருந்தால் எஃப்சிங்கும் பல மடங்கு வேகமாக முடியும், ஏனென்றால் அந்த டிஸ்க் கேஷுக்கு வந்ததையே பத்திரம் என்று சொல்ல முடிகிறது. இரண்டாவது, நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) வழியாக டேட்டாபேஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால் ‘ஹார்டு’ மவுன்ட் மட்டுமே; ‘சாஃப்ட்’ மவுன்ட் டேட்டாவைக் கெடுத்துவிடலாம். பெட்டியின் பக்கம் எக்ஸ்போர்ட்டை ‘சிங்க்’ என்று வையுங்கள்.

சில நிஜமான தேர்வுகள்

ஒரு ரத்தப் பரிசோதனை லேப். மொத்தம் 60 ஜிபி, நாளுக்குச் சில ஆயிரம் ரிப்போர்ட். நெட்வொர்க் டிஸ்க், இரண்டு நோடு, தினசரி ஸ்னாப்ஷாட்டும் தொடர் லாகும். ஐந்து நிமிடத்தில் முடிவாகிற விஷயம்.

ஒரு கல்லூரியின் அட்மிஷன் தளம். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் ஊரே திரண்டு வரும். ஆனால் டேட்டா 15 ஜிபிதான். இங்கே டிஸ்க்கை விட்டுவிட்டு மெமரியையும் கனெக்‌ஷன் பூலரையும் (பல பயனர்களைச் சில கனெக்ஷனுக்குள் அடக்கும் புரோகிராம்) பார்க்கச் சொன்னேன். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் பெரிய மெஷினுக்கு மாற்றி, பிறகு இறக்கிக்கொள்ள நெட்வொர்க் டிஸ்க் வசதியாக இருந்தது.

லாரிகளின் ஜிபிஎஸ் டேட்டா வாங்கும் ஒரு சேவை. நாள் முழுக்க ரைட், பழைய டேட்டா சீக்கிரமே அழிந்துவிடும், கசாண்ட்ரா வகை டேட்டாபேஸ், மூன்று பிரதி இயல்பாகவே உண்டு. இங்கே லோக்கல் டிஸ்க் தயக்கமில்லாமல் பொருந்தும். நெட்வொர்க் டிஸ்க் எடுத்தால் கிளவுட்காரர் எடுக்கும் பிரதிக்கு மேல் நாமும் மூன்று பிரதி வைத்து, இரண்டுக்கும் சேர்த்துக் காசு கட்டுவோம்.

கடினமான ஒன்று ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. 1.5 டிபி டேட்டா, நாள் முழுக்க பார்கோடு ஸ்கேன், ஐந்து வருடப் பழைய ரெக்கார்டையும் அடிக்கடி தேடுவார்கள். அளந்து பார்த்ததில் ரீடு காத்திருப்பு நிஜமாகவே இருந்தது. லோக்கல் கேட்கிற வேலைதான். ஆனால் அங்கே டேட்டாபேஸ் தெரிந்தவர் ஒரே ஒரு பையன். நோடு செத்தால் மறுபடி கட்ட இரண்டு மணி நேரம், அந்த இரண்டு மணி நேரமும் கண் விழித்துப் பார்க்க அவன் ஒருத்தன். நான் நெட்வொர்க் டிஸ்க்கில் ஐஓபிஎஸ் கூடுதலாக வாங்கச் சொன்னேன். பழைய வருடங்களைத் தனி டேபிளுக்குப் பிரிக்கச் சொன்னேன். வேகம் லோக்கல் அளவுக்கு வரவில்லை, போதுமான அளவுக்கு வந்தது. ராத்திரி எழுந்து வர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் டிஸ்க் தேர்வில் ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருத்தர்தான் என்றால், நான் எப்போதும் நெட்வொர்க் பக்கம் சாய்வேன்.

கடைசிப் படி: கொன்று பாருங்கள்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் லைவ் போவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். நிஜ அளவுக்கு டேட்டாவை நிரப்புங்கள். 5 ஜிபி வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. நிஜ வேலை போல ஒரு புரோகிராமை ஓடவிட்டு, பிரைமரி மெஷினை நிறுத்துங்கள். ரீபூட் வேண்டாம், ஸ்டாப். கையில் கடிகாரம் வைத்து மூன்று நேரங்களைக் குறியுங்கள்: புது பிரைமரி கமிட் வாங்க ஆரம்பித்தது எப்போது, செத்த நோடுக்குப் பதில் புதியது முழுசாக வந்து சேர்ந்தது எப்போது, அந்த இடைவெளியில் பயனரின் குவெரி எவ்வளவு மெதுவானது. பிறகு, ‘சரி’ என்று பதில் வந்த கமிட் எல்லாம் டேபிளில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் படி 1-க்குத் திரும்புங்கள். அடுத்து பேக்கப்பிலிருந்து தனியாக ஒரு கிளஸ்டரை எழுப்பி அதற்கு ஆகும் நேரத்தையும் எழுதுங்கள்.

வாணியம்பாடி தொழிற்சாலையில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை காலை இதைச் செய்கிறோம். அங்கே இன்னும் லோக்கல் டிஸ்க்தான், 280 ஜிபி. முதல் தடவை ஒரு நோடை மறுபடி கட்ட 52 நிமிடம் ஆயிற்று. மெஷினின் நெட்வொர்க் வரம்புதான் காரணம் என்று தெரிந்து ஒரு படி பெரிய மெஷினுக்கு மாற்றினோம். இப்போது 24 நிமிடம். முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கும் காகிதத்தில் அந்த எண்ணும், சோதித்த தேதியும் இருக்கின்றன. எந்த மெஷின் மேல் எந்த டேக் என்ற பட்டியல் அதன் பின்பக்கத்தில்.